முதுமையில் கண் ஏன் வறள்கிறது? ஒரு கேள்வியும் ஐந்து விடைகளும்

கண் மருத்துவர்களிடம் வரும் முதியவர்கள் பலர் சொல்லும் முறையீடு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். கண்ணுக்குள் மண் விழுந்த மாதிரி உறுத்துகிறது, சாயங்காலமானால் எரிகிறது, காற்றில் போய் நின்றால் தண்ணீராகக் கொட்டுகிறது என்பார்கள். மருத்துவர் பரிசோதித்துவிட்டுக் கண் வறட்சி என்பார். தண்ணீர் கொட்டும் கண்ணுக்கு வறட்சி என்று பெயரா என்று கேட்கத் தோன்றும். ஆனால் இரண்டும் ஒரே கண்ணில் சேர்ந்திருக்கும். கண்ணின் மேற்பரப்பை எந்நேரமும் ஈரமாக வைத்திருக்கும் கண்ணீர் ஒரு வகை. உறுத்தலுக்கும் அழுகைக்கும் பெருகிவரும் கண்ணீர் இன்னொரு வகை. முதல் வகை குறைந்தாலோ தரம் கெட்டாலோ கண்ணின் மேற்பரப்பு புண்படுகிறது. அந்த எரிச்சலுக்குப் பதிலாக இரண்டாம் வகை பெருகுகிறது.

எந்நேரமும் கண்ணில் இருக்கும் கண்ணீர் மிகச் சிறிய அளவுதான். ஒரு கண்ணுக்கு ஏறத்தாழ 7 மைக்ரோலிட்டர். மருந்துக் குப்பியிலிருந்து விழும் ஒரு சொட்டே 30 முதல் 50 மைக்ரோலிட்டர் இருக்கும். இந்தச் சிறு அளவு, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று பங்கு கனமுள்ள படலமாகப் பரவி, ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் புதுப்பிக்கப்படுகிறது. வயது ஏற ஏற இந்த ஏற்பாடு பலருக்கும் குலைகிறது. அமெரிக்காவில் பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வொன்று 2003இல் வெளியானது. அதில் 50 வயதுக்குக் கீழ் 5.7 சதவீதம் பேருக்கு இருந்த கண் வறட்சி, 75 வயதுக்கு மேல் 9.8 சதவீதமாக இருந்தது. ஆண் மருத்துவர்களிடம் நடந்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. அதிலும் 50களின் தொடக்கத்தில் 3.9 சதவீதமாக இருந்தது 80ஐத் தாண்டியவர்களிடம் 7.7 ஆக உயர்ந்திருந்தது.

வயதோடு நோய் கூடுகிறது என்பதில் பெரிய சர்ச்சை இல்லை. ஏன் கூடுகிறது என்பதில்தான் சர்ச்சை. சுரப்பி தேய்கிறதா, உடலின் எதிர்ப்பு அணுக்கள் அதைத் தாக்குகின்றனவா, ஹார்மோன்கள் கைவிடுகின்றனவா, கோளாறு இமையின் எண்ணெய்ச் சுரப்பியில் இருக்கிறதா, கண்ணீரைச் சுரக்கச் சொல்லும் நரம்பில் இருக்கிறதா? கடந்த நூறாண்டுகளில் இந்த ஐந்து விடைகளும் ஒன்றன்பின் ஒன்றாகவும் ஒன்றோடொன்று மோதியும் வந்துள்ளன.

மூளையிலிருந்து சுரப்பிக்கு

கண்ணீர் மூளையிலிருந்து வடிகிறது என்று பண்டைய கிரேக்க மருத்துவ மரபு நம்பியது. 17ஆம் நூற்றாண்டிலும் அந்த நம்பிக்கை முழுதாக அகலவில்லை. டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் ஸ்டென்சன் லைடனில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது விலங்குகளின் தலைகளை அறுத்து ஆராய்ந்தார். கண்ணின் வெளியோரத்தில் மேல்புறமாக இருக்கும் சுரப்பியிலிருந்து நுண்குழாய்கள் வழியே கண்ணீர் இறங்குவதை 1662இல் அவர் விளக்கியபோது அவருக்கு வயது 24. நான்கு ஆண்டுகள் கழித்து ஜெர்மனியின் ஹைன்ரிக் மெய்போம் இமை விளிம்பில் வரிசையாக அமைந்த எண்ணெய்ச் சுரப்பிகளை விவரித்தார். அவை இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கப்படுகின்றன. ஆனால் அவற்றின் முக்கியத்துவம் மருத்துவத்துக்கு உறைக்க முந்நூறு ஆண்டுகள் பிடித்தன.

கண்ணீரை அளக்கும் எளிய வழி 1903இல் வந்தது. ஜெர்மன் மருத்துவர் ஓட்டோ ஷிர்மரின் பெயரால் வழங்கும் சோதனைக்கு 5 மில்லிமீட்டர் அகலமும் 35 மில்லிமீட்டர் நீளமும் உள்ள வடிதாள் துண்டு ஒன்று போதும். அதன் நுனியை மடித்துக் கீழிமையின் வெளிப்பக்கத்தில் செருகி, ஐந்து நிமிடம் கழித்து எத்தனை மில்லிமீட்டர் நனைந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். 5 மில்லிமீட்டருக்குக் கீழே நின்றுவிட்டால் சுரப்பு குறைவு என்று கொள்வது வழக்கம். 120 ஆண்டுகள் கழிந்தும் இந்தச் சோதனை வழக்கில் இருக்கிறது. அதன் குறையும் அப்படியே இருக்கிறது. தாளே கண்ணை உறுத்துவதால், அளக்கப்படுவது இயல்பான சுரப்பா, உறுத்தலுக்குப் பெருகியதா என்பது எப்போதும் தெளிவாகத் தெரிவதில்லை. ஒரே ஆளுக்கு வேறு நாளில் வேறு அளவும் வருகிறது.

1933இல் சுவீடனின் ஹென்ரிக் ஷோகிரென், கண் வறண்ட 19 பெண்களின் நிலையைத் தம் ஆய்வேட்டில் விவரித்தார். அவர்களில் 13 பேருக்கு மூட்டுவாதமும் இருந்தது. கண்ணில் தெரியும் வறட்சி உடல் முழுவதையும் தொட்ட நோயின் ஒரு முகமாக இருக்கலாம் என்ற எண்ணம் அங்கிருந்து வலுப்பெற்றது. ஆய்வேட்டுக்குப் போதிய மதிப்பெண் கிடைக்காததால் அவருக்குப் பல்கலைக்கழகப் பதவி அப்போது அமையவில்லை. நோய் மட்டும் அவர் பெயரிலேயே நிலைத்துவிட்டது.

1946இல் யூஜின் வோல்ஃப் கண்ணீர்ப் படலத்தை மூன்று அடுக்காகப் பிரித்துக் காட்டினார். அடியில் சளிப்பொருள், நடுவில் நீர், மேலே எண்ணெய். நீரும் சளியும் ஒன்றோடொன்று கலந்த கூழ் போலவே இருக்கின்றன என்று பின்னர் திருத்தப்பட்டாலும், இந்த மூன்று அடுக்குப் படம்தான் விவாதத்துக்குக் களம் அமைத்தது. எந்த அடுக்கு முதலில் கெடுகிறது என்ற கேள்வி அதிலிருந்துதான் எழுந்தது.

முதல் விடை: சுரப்பி தேய்கிறது

மிகப் பழையதும் மக்கள் மனத்துக்கு மிக நெருக்கமானதும் இந்த விடைதான். வயதானால் தோல் சுருங்குகிறது, தசை கரைகிறது, அதுபோலக் கண்ணீர்ச் சுரப்பியும் வற்றுகிறது என்பது இதன் சாரம்.

இதற்குத் திசுச் சான்றுகள் உண்டு. இறந்தவர்களின் கண்ணீர்ச் சுரப்பிகளைப் பிரிட்டன் ஆய்வாளர்கள் 1984இலும், ஜப்பானில் ஒபாத்தாவின் குழுவினர் 1995இலும் நுண்ணோக்கியில் ஆராய்ந்தனர். வயது கூடக்கூட, கண்ணீர் சுரக்கும் செல்களின் கொத்துகள் சுருங்கியிருந்தன. அவற்றினிடையே நார்த்திசு படர்ந்திருந்தது. குழாய்களைச் சுற்றியும் நார் இறுகியிருந்தது. ஜப்பான் ஆய்வில் இந்த மாற்றங்கள் பெண்களிடம் கூடுதலாகத் தெரிந்தன. கண்ணீரில் கிருமிகளைத் தடுக்கும் லைசோசைம் என்ற புரதமும் வயதோடு குறைகிறது. 

வெறும் தேய்மானம் என்ற கூற்றுக்கு அதே சான்றுகளே ஒரு சிக்கலையும் வைத்திருந்தன. 1984ஆம் ஆண்டு ஆய்வு, தேய்ந்த சுரப்பிகளில் நாள்பட்ட அழற்சியின் தடங்களையும் கண்டது. அப்படியானால் சுரப்பி தானாகத் தேய்ந்ததா, ஆண்டுக்கணக்காகக் கனன்ற அழற்சி அதை அரித்ததா? இறந்தபின் எடுத்த திசு வரிசையைச் சொல்லாது. அது கடைசி நிலையை மட்டுமே காட்டும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. முதன்மைச் சுரப்பி மட்டுமே கண்ணை ஈரமாக வைத்திருக்கவில்லை. இமையின் உட்புறத்தில் சிறு துணைச் சுரப்பிகள் பல உள்ளன. முதன்மைச் சுரப்பியை அகற்றிய குரங்குகளிடம் கண்ணீர் குறைந்ததே தவிரக் கண் முற்றிலும் வறண்டுவிடவில்லை. சுரப்பி எந்த அளவு தேய்ந்தால் நோய் வரும் என்பதற்கு இன்னும் தெளிவான எல்லைக்கோடு வரையப்படவில்லை.

இரண்டாம் விடை: காவலே தாக்குகிறது

1998இல் மைக்கேல் ஸ்டெர்ன், ஸ்டீஃபன் ஃபிளக்ஃபெல்டர் முதலானோர் கண்ணீர்ச் சுரப்பி, கண்ணின் மேற்பரப்பு, இமைகள், இவற்றை இணைக்கும் நரம்புகள் ஆகியவற்றைச் சேர்த்து ஒரே செயல் அலகாகக் காண வேண்டும் என்று முன்வைத்தனர். அந்த அலகில் எங்கே கோளாறு வந்தாலும் அழற்சி கிளம்பி மற்ற பகுதிகளையும் பற்றும் என்றனர். ஷோகிரென் நோயில் உடலின் எதிர்ப்பு அணுக்களில் ஒரு வகையான நிணநீர் அணுக்கள் சுரப்பியை நிறைத்து அழிப்பது ஏற்கெனவே தெரிந்த ஒன்று. முதுமையின் கண் வறட்சியும் அதன் மெதுவான, மிதமான வடிவமா என்பது அடுத்த கேள்வி.

ஹூஸ்டனின் பேலர் மருத்துவக் கல்லூரியில் சின்ட்டியா டி பைவா பல ஆண்டுகளாகத் தொடரும் ஆய்வுகள் இங்கே முக்கியமானவை. கிழச் சுண்டெலிகளை எந்த மருந்தும் கொடுக்காமல், எந்த வறண்ட காற்றிலும் வைக்காமல் அவர் குழு கவனித்தது. வயது ஏறியதும் அவற்றின் சுரப்பியில் நிணநீர் அணுக்கள் குவிந்தன. சளிப்பொருள் தரும் செல்கள் குறைந்தன. கண்ணின் முன்புறம் உள்ள ஒளிபுகும் படலமான கார்னியாவின் காப்புத்திறன் கெட்டது. அடுத்த படிதான் அழுத்தமானது. கிழச் சுண்டெலிகளிலிருந்து டி செல்கள் என்னும் நிணநீர் அணுக்களில் ஒரு வகையைப் பிரித்து, தமக்கென எதிர்ப்பு அணுக்கள் இல்லாத இளம் சுண்டெலிகளுக்குச் செலுத்தினார்கள். இளம் கண்களிலும் அந்த நோயின் அடையாளங்கள் தோன்றின. அணுக்கள் முதுமையைச் சுமந்து வந்தன என்றே இதற்குப் பொருள் கொள்ள முடிகிறது. இக்குழு 2014இல் வெளியிட்ட முடிவுகளுக்குப் பிறகு, எதிர்ப்பு அணுக்களுக்கு இலக்கைக் காட்டும் செல்கள் வயதோடு மாறுவதையும், கதெப்சின் எஸ் என்னும் நொதியின் பங்கையும் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறது.

மருந்துலகமும் இந்த விடையை நம்பியே முதலீடு செய்தது. டி செல்களை அடக்கும் சைக்ளோஸ்போரின் சொட்டு மருந்துக்கு அமெரிக்கா 2002இல் ஒப்புதல் தந்தது. 2016இல் லிஃபிடெகிராஸ்ட் என்னும் சொட்டு மருந்து வந்தது. ஆனால் எண்களைப் பார்த்தால் உற்சாகம் அடங்கும். சைக்ளோஸ்போரின் போட்டுக்கொண்டவர்களில் 15 சதவீதம் பேருக்கு ஷிர்மர் தாள் 10 மில்லிமீட்டர் கூடுதலாக நனைந்தது. மருந்தில்லாத வெறும் கரைசல் போட்டவர்களில் 5 சதவீதம் பேருக்கும் அதே முன்னேற்றம் இருந்தது. வேறுபாடு உண்மைதான். பெரும்பாலோருக்குப் பலன் கிட்டவில்லை என்பதும் உண்மைதான். எதிர்ப்பு அணுக்களே முழு விடை என்றால் அவற்றை அடக்கும் மருந்து இன்னும் பலருக்குக் கேட்டிருக்க வேண்டும் என்பது எதிர்த்தரப்பின் வாதம். நோய் முற்றிய பின் அடக்கிப் பயனில்லை, சுரப்பி ஏற்கெனவே நாராகியிருக்கும் என்பது ஆதரிப்போரின் பதில். இரண்டையும் தீர்த்துவைக்கும் சோதனை இன்னும் நடக்கவில்லை.

சுண்டெலிக்கும் மனிதருக்கும் உள்ள இடைவெளியும் சிறியதல்ல. சுண்டெலியின் முதன்மைக் கண்ணீர்ச் சுரப்பி கண்குழிக்கு வெளியே, காதுக்கு அருகில் இருக்கிறது. அமைப்பு, இருப்பிடம், ஆயுட்காலம் அனைத்தும் வேறு.

மூன்றாம் விடை: ஹார்மோன்

பெண்களுக்குக் கண் வறட்சி கூடுதலாக வருவது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த ஒன்று. மாதவிடாய் நின்ற காலத்தை ஒட்டி முறையீடுகள் கூடுவதால் ஈஸ்ட்ரோஜன் குறைவதே காரணம் என்று எளிதாகத் தோன்றும். 2001இல் வெளியான ஆய்வு அந்த எளிமையைக் குலைத்தது. மாதவிடாய் நின்ற 25,000க்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றிய அதில், ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்துக்கொண்டவர்களுக்குக் கண் வறட்சி இருக்கும் வாய்ப்பு 69 சதவீதம் அதிகமாக இருந்தது. ஈஸ்ட்ரோஜனோடு புரோஜஸ்டிரானும் சேர்த்து எடுத்தவர்களுக்கு 29 சதவீதம் அதிகம். குறைந்ததை ஈடுகட்டினால் நோய் தணியும் என்ற எதிர்பார்ப்புக்கு நேர்மாறான முடிவு இது.

பாஸ்டனின் ஷெப்பன்ஸ் கண் ஆராய்ச்சி நிறுவனத்தில் டேவிட் சல்லிவன் இதற்கு வேறொரு விளக்கம் வைத்தார். உண்மையில் காப்பது ஆண்பால் ஹார்மோனான ஆண்ட்ரோஜன் என்றார் அவர். ஆண்ட்ரோஜன் கண்ணீர்ச் சுரப்பியையும் இமையின் எண்ணெய்ச் சுரப்பிகளையும் ஒருசேர ஊக்குகிறது. இரு பாலருக்கும் வயதோடு அது குறைகிறது. பெண்களுக்குத் தொடக்கத்திலிருந்தே குறைவு. ஆண்ட்ரோஜனைத் தடுக்கும் மருந்து எடுத்தவர்களின் எண்ணெய்ச் சுரப்பிகளில் கோளாறு காணப்பட்டது இக்கருத்துக்கு வலுவான ஆதாரம்.

பலவீனம் எங்கே என்றால், இரத்தத்தில் இருக்கும் ஹார்மோன் அளவுக்கும் கண்ணின் நிலைக்கும் நேர்த்தொடர்பு எப்போதும் கிடைப்பதில்லை. சுரப்பிகளே தமக்கு வேண்டிய ஹார்மோனை உள்ளூரில் தயாரித்துக்கொள்கின்றன என்பது இதற்கான விளக்கம். விளக்கம் பொருந்தினாலும், ஆண்ட்ரோஜனைக் கொண்டு கண் வறட்சியைத் தணிக்கும் சொட்டு மருந்து எதுவும் இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை.

நான்காம் விடை: தண்ணீர் அல்ல, எண்ணெய்

மேலிமையிலும் கீழிமையிலுமாகச் சில பத்து மெய்போமியன் சுரப்பிகள் இருக்கின்றன. ஒவ்வொரு இமைப்பிலும் அவை விடும் மெல்லிய எண்ணெய், கண்ணீர் ஆவியாவதைத் தடுக்கிறது. 1980இல் டொனால்ட் கோர்ப் இச்சுரப்பிகளின் செயல்கேட்டுக்குத் தனிப்பெயர் கொடுத்து கவனம் ஈர்த்தார். இமையின் உட்புறத்தை அகச்சிவப்பு ஒளியில் படமெடுக்கும் முறையை ஜப்பானின் ரெய்க்கோ அரீத்தா 2008இல் எளிமையாக்கிய பிறகு, சுரப்பிகள் வயதோடு ஒவ்வொன்றாகக் குட்டையாகி மறைவதை மருத்துவமனை அறையிலேயே காண முடிந்தது. இளைஞரின் படத்தில் சுரப்பிகள் இமையின் அகலம் முழுதும் வெள்ளைக் கோடுகளாக நெருங்கி நிற்கும். முதியவரின் படத்தில் கோடுகள் பாதியில் அறுந்து, இடையிடையே வெற்றிடம் தெரியும்.

கலிஃபோர்னியாவில் ஜேம்ஸ் ஜெஸ்டரின் குழுவினர் 2009இல் இதன் உள்வேலையைக் காட்டினார்கள். எண்ணெய்ச் செல்கள் முதிர உதவும் ஒரு புரதத்தின் செயல்பாடும், புதுச் செல்கள் பிறக்கும் வேகமும் வயதான சுண்டெலிகளில் குறைந்தன. சுரப்பி அடைத்துக்கொண்டது என்பதைவிட, அதை நிரப்பவேண்டிய செல்கள் பிறக்கவில்லை என்பது வேறு வகை நோய். அதற்குச் சூடு வைத்துப் பிழிந்தெடுக்கும் சிகிச்சை போதாமல் போகலாம்.

2012இல் வெளியான மருத்துவமனை ஆய்வொன்று இந்தத் தரப்புக்குப் பெரிய பலம் சேர்த்தது. கண் வறட்சி உள்ளவர்களில் 86 சதவீதம் பேரிடம் எண்ணெய்ச் சுரப்பிக் கோளாறின் அடையாளங்கள் இருந்தன. நீர்க்குறைவு மட்டும் இருந்தவர்கள் மிகச் சிலர். அதிலிருந்து, கண்ணீர்ச் சுரப்பியைத் தேடுவது வீண், எண்ணெயைக் கவனி என்ற குரல் ஓங்கியது. ஆனால் முதியவர்களில் எண்ணெய்ச் சுரப்பி மாற்றங்கள் நோயே இல்லாதவர்களிடமும் பரவலாக உண்டு. இருப்பது வேறு, காரணமாக இருப்பது வேறு என்பதை அந்தச் சதவீதம் பிரித்துச் சொல்வதில்லை.

ஐந்தாம் விடை: நரம்பு

கடந்த பதினைந்து ஆண்டுகளில் வேகமாக எழுந்தது இந்த விடை. கண்ணீர்ச் சுரப்பி தானாகச் சுரப்பதில்லை. கார்னியாவில் முடியும் நரம்பு நுனிகள் குளிர்ச்சியை உணர்ந்து மூளைத்தண்டுக்குச் செய்தி அனுப்ப, அங்கிருந்து வேறொரு நரம்பு வழியாகச் சுரப்பிக்குக் கட்டளை வருகிறது. கண்ணீர் ஆவியாகும்போது மேற்பரப்பு சற்றே குளிர்கிறது. அந்தக் குளிர்ச்சிதான் தொடர் சுரப்பின் தூண்டல். ஸ்பெயினின் அலிகான்டேயில் கார்லோஸ் பெல்மோன்டேயின் குழு 2010இல் இதற்குத் தெளிவான சான்று தந்தது. டிஆர்பிஎம்8 என்னும் குளிருணரி இல்லாத சுண்டெலிகளில் அடிப்படைச் சுரப்பு குறைந்தது. உறுத்தலுக்குப் பெருகும் கண்ணீர் மட்டும் குறையவில்லை. தண்ணீர் கொட்டும் வறண்ட கண் என்ற புதிருக்கு இதுவரை கிடைத்துள்ள விளக்கங்களில் இது மிக நேரானது. இந்த உணரியைத் தனித்தனியே கண்டறிந்த குழுக்களின் தலைவர்களான டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் பட்டபூட்டியனும் வெப்பம், தொடுதல் ஆகியவற்றை உணரும் உணரிகளுக்காக 2021இல் நோபல் பரிசு பெற்றனர்.

கார்னியாவின் உணர்திறன் வயதோடு குறைகிறது என்பது 1970களிலேயே அளந்து காட்டப்பட்டது. இதனால் இருவேறு விளைவுகள் வரக்கூடும். சிலருக்குக் கண்ணில் புண் இருந்தும் வலி தெரியாது. வேறு சிலருக்கு நரம்பே சேதமாகி, கண்ணில் பெரிய குறை எதுவும் இல்லாமலே எரிச்சல் தொடரும்.

புது மருந்துகள் இந்த வழியைப் பிடித்துக்கொண்டன. மூக்கில் தெளிக்கும் வரெனிக்லின் மருந்துக்கு அமெரிக்கா 2021இல் ஒப்புதல் கொடுத்தது. மூக்கின் நரம்பைத் தூண்டிச் சுரப்பிக்கு ஆணை போகச் செய்வது அதன் வேலை. முக்கியச் சோதனையொன்றில் 47 சதவீதம் பேருக்குத் தாள் 10 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ கூடுதலாக நனைந்தது. வெறும் தெளிப்பில் 28 சதவீதம். குளிருணரியை நேரடியாகத் தூண்டும் அகோல்ட்ரெமான் சொட்டு மருந்து 2025இல் ஒப்புதல் பெற்றது. இதிலிருந்து ஒன்று தெரிகிறது. நோயாளிகள் பலரின் சுரப்பி இன்னும் சுரக்கும் நிலையில்தான் இருக்கிறது. தேய்மானக் கருத்துக்கு இது நேரடியான சவால். எனினும் ஷிர்மர் தாள் நனைவதும் நோயாளி நிம்மதி அடைவதும் ஒன்றல்ல.

எது முந்தியது?

ஐந்து விடைகளையும் அருகருகே வைத்தால், மோதல் பெரும்பாலும் வரிசை பற்றியது என்பது தெரிகிறது. 2005இல் டிரிஸ் ஸூக்ரியின் குழு வெவ்வேறு வயதுச் சுண்டெலிகளின் சுரப்பிகளை ஒப்பிட்டது. நரம்பிழைகள் வயதோடு அடர்த்தி குறைந்தன. நரம்பைத் தூண்டினாலும் புரதச் சுரப்பு நடுவயதிலேயே சரிந்தது. அதாவது சுரப்பி கிழடுதட்டிச் சுருங்குவதற்கு வெகு முன்பே அதன் பணி குறைந்துவிட்டது. நரம்புத் தரப்புக்கு இது சாதகம்.

ஆனால் அதே ஆய்வாளரின் வேறு சோதனைகள் அழற்சித் தரப்புக்கும் இடம் கொடுத்தன. சுரப்பிக்குள் இன்டர்லூக்கின்-1 என்ற அழற்சிப் பொருளை ஒருமுறை ஊசியால் செலுத்தினால் சுரப்பு சரிந்தது. நரம்புகள் செய்தி கடத்துவதையே அது முடக்கியது. சில நாட்களில் சுரப்பி புதுச் செல்களை உண்டாக்கித் தன்னைச் சரிசெய்துகொண்டது. அப்படியென்றால் முதுமையில் நடப்பது சேதம் கூடுவதா, சரிசெய்யும் திறன் குறைவதா?

டோக்கியோவின் கெய்யோ பல்கலைக்கழகத்தில் கஸுவோ சுபோத்தாவின் குழுவினர் இன்னும் முந்தைய கட்டத்துக்குப் போனார்கள். செல்லின் ஆற்றல்மையமான மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து தீங்கான ஆக்சிஜன் மூலக்கூறுகள் கசியும்படி மாற்றப்பட்ட சுண்டெலிகளில் முதலில் கண்ணீர்ச் சுரப்பியில் அழற்சியும் பின்பு சுரப்புக் குறைவும் வந்தன. வயதான எலிகளுக்கு உணவின் கலோரியைக் குறைத்தபோது சுரப்பு காக்கப்பட்டது. தேய்மானம், அழற்சி, நரம்பு ஆகிய மூன்றுக்கும் அடியில் பொதுவான ஒரு வேர் இருக்கலாம் என்று இது சுட்டுகிறது. மனிதரிடம் இதற்கு நிகரான சான்று இல்லை.

நோயாளியின் வாக்கும் தாளின் அளவும்

எந்த விடையைச் சோதிக்கப் போனாலும் இடறும் கல் ஒன்று உண்டு. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் சாலிஸ்பரி என்ற ஊரில் 65 வயது கடந்தவர்களிடம் நடந்த ஆய்வு 1997இல் வெளியானது. அடிக்கடியோ எப்போதுமோ உறுத்தல், எரிச்சல் இருப்பதாகச் சொன்னவர்கள் 14.6 சதவீதம். அத்தகைய முறையீட்டோடு ஷிர்மர் அளவும் குறைந்திருந்தவர்கள் 2.2 சதவீதம் மட்டுமே. முறையீடுள்ளவர்களில் பெரும்பாலோரிடம் தாளுக்கு எட்டும் குறை இல்லை. அந்த வயதினரிடையே முதுமை கூடக்கூட நோயும் கூடுகிறது என்ற தொடர்பும் அங்கே தெரியவில்லை. இதனால்தான் 2017இல் நிபுணர் குழு தொகுத்த அறிக்கை கண் வறட்சியின் பரவலை 5 முதல் 50 சதவீதம் என்று அகலமாகச் சொல்ல வேண்டியிருந்தது. அதே அறிக்கை நோயின் வரையறைக்குள் நரம்புணர்வுக் கோளாறையும் முதன்முறையாகச் சேர்த்தது.

சிகிச்சைச் சோதனைகளையும் இந்த இடர் விடுவதில்லை. மீன் எண்ணெயின் ஒமேகா-3 கண் வறட்சிக்கு நல்லது என்று பல ஆண்டுகள் பரிந்துரைக்கப்பட்டது. 535 பேரிடம் ஓராண்டு நடந்த சோதனையின் முடிவு 2018இல் வந்தது. நாளுக்கு 3,000 மில்லிகிராம் ஒமேகா-3 எடுத்தவர்களுக்கும் ஆலிவ் எண்ணெய் மாத்திரை எடுத்தவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இரு தரப்பிலும் முன்னேற்றம் இருந்தது என்பதுதான் யோசிக்க வைப்பது. கவனிப்பும் எதிர்பார்ப்பும் தம்மளவில் முறையீட்டைக் குறைக்கும் நோயில், உண்மையான மருந்தைப் பிரித்தறிவது கடினம்.

புதிய சுரப்பி சாத்தியமா?

தேய்ந்ததைத் திரும்பப் பெறலாமா என்ற கேள்விக்கு இன்று ஆய்வகங்களில் பதில் தேடப்படுகிறது. 2012இல் ஹைதராபாத்தின் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனத்தினர் மனிதக் கண்ணீர்ச் சுரப்பிச் செல்களை வளர்த்து, அவை கண்ணீர்ப் புரதங்களைச் சுரப்பதைக் காட்டினர். 2013இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஆய்வகத்தில் கட்டிய சுரப்பிக் கருவைச் சுண்டெலிகளில் பொருத்தினர். அது குழாயோடும் நரம்போடும் இணைந்து சுரந்தது. 2021இல் நெதர்லாந்தின் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழு வளர்த்த குட்டிச் சுரப்பிகள், நோரட்ரினலின் என்னும் நரம்பு வேதிப்பொருள் பட்டதும் கண்ணீர் நிறைந்து உப்பின. வெளியேறக் குழாய் இல்லாததால் நீர் உள்ளேயே தேங்கியது. 2022இல் ஒசாக்கா பல்கலைக்கழகக் குழு ஸ்டெம் செல்களிலிருந்தே அத்தகைய சுரப்பியை உருவாக்கியது.

இவை மனிதருக்குச் சிகிச்சையாக நெடுங்காலம் ஆகலாம். இப்போதைக்கு இவற்றின் பெரும் பயன், மனிதச் சுரப்பியை உயிரோடு வைத்து ஆராய முடிவதுதான். ஆனால் அழற்சி கனன்றுகொண்டிருக்கும் முதிய உடலில் புதுச் சுரப்பியை நட்டால் அதுவும் அதே கதிக்கு ஆளாகாதா என்ற கேள்வி இந்தத் துறைக்குள்ளேயே கேட்கப்படுகிறது.

மதிப்பீடு

இருக்கும் சான்றுகளைக் கொண்டு சில முடிவுகளை ஓரளவு நம்பிக்கையோடு சொல்லலாம். முதுமையின் கண் வறட்சி ஒரே நோய் அல்ல. சுரப்பி தேய்வது மட்டுமே காரணம் என்ற பழைய விடை போதாது. நரம்பைத் தூண்டினால் பலருக்குக் கண்ணீர் வருவதே அதற்குச் சாட்சி. ஈஸ்ட்ரோஜன் குறைவு என்ற எளிய விளக்கமும் நிற்கவில்லை. நாள்பட்ட மெல்லிய அழற்சியும் நரம்புத் தளர்ச்சியும் சேர்ந்து நடுவயதிலேயே வேலையைத் தொடங்குகின்றன என்பதே இன்று அதிக ஆதரவுள்ள விளக்கம். ஆனால் அதன் கனமான சான்றுகள் சுண்டெலிகளிடமிருந்து வந்தவை.

தீராமல் இருப்பவை மூன்று. அழற்சியா, நரம்பா, எது மனிதரிடம் முந்துகிறது என்பது முதலாவது. முதுமையின் இயல்பான மாற்றம் எங்கே முடிந்து நோய் எங்கே தொடங்குகிறது என்பது இரண்டாவது. எந்த நோயாளிக்கு எந்த விடை பொருந்தும் என்று முன்கூட்டியே அறிவது மூன்றாவது. அதே மனிதர்களை 40 வயதிலிருந்து பல பத்தாண்டுகள் தொடர்ந்து, அவர்களின் கண்ணீர்ப் புரதம், எண்ணெய்ச் சுரப்பிப் படம், கார்னியா நரம்பு ஆகியவற்றை ஒருசேரப் பதிவு செய்யும் ஆய்வுகள் வேண்டும். மருந்துச் சோதனைகளும் எல்லா நோயாளிகளையும் ஒரே கூட்டமாக்காமல் வகை பிரித்து நடக்க வேண்டும்.

இந்த விடைகள் வரும்வரை வாசகர் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வயதானால் இப்படித்தான் என்று கண் உறுத்தலை விட்டுவிட வேண்டாம். ஒவ்வாமை மாத்திரைகளும் மனச்சோர்வுக்கான சில மருந்துகளும் கண்ணீரைக் குறைக்கும் என்பதால், எடுத்துக்கொள்ளும் மாத்திரைகளின் பட்டியலோடு கண் மருத்துவரைப் பார்க்கலாம். வாயும் வறண்டு மூட்டும் வலித்தால் அதையும் மறக்காமல் சொல்ல வேண்டும். அந்த மூன்றும் சேர்ந்திருந்தால் மருத்துவர் ஷோகிரென் நோய்க்கான இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பக்கூடும்.